ஒன்பதாம் எண் பேருந்தும் டேலின் மூன்று நிமிடங்களும்

டேல் ஹெய்க்கிலாவிடம் போய் ஒரு டப்பா வெள்ளை பெயிண்ட் கேட்டால், கலக்கும் இயந்திரம் குலுங்கி நிற்பதற்குள் செனட் சபையை எப்படிக் கலைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வரலாம். அதற்குத் தனியாகக் காசு இல்லை. இரண்டு டப்பா வாங்குபவர்களுக்கு ஜப்பான் ரயில்களும் கிடைக்கும். வீடு முழுவதற்கும் பெயிண்ட் அடிக்கிறவர்கள், வேலை முடிவதற்குள் அமெரிக்க அரசியல் சட்டத்தில் எந்தெந்த இடத்தில் கோளாறு என்று தெரிந்துகொண்டுவிடுவார்கள். ஓட்டர் ஃபால்ஸில் பல வீடுகள் வெளுத்துப்போய் நிற்பதற்கு ஏரிக்காற்றுதான் காரணம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள்.

டேலுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவனுடைய அக்கா வெர்னாவுக்கு அறுபத்து மூன்று. வெர்னா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். இருபத்திரண்டு வருடமாக ஒரே வழித்தடம், ஒரு கீறல் கிடையாது. பள்ளி இறுதியோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருப்பாள். தினமும் காலையில் வெளியே ஃபாரன்ஹீட் கணக்கில் எத்தனை டிகிரி குளிர், வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை பிள்ளைகள் ஏறினார்கள் என்று எழுதிவிட்டுத்தான் வண்டியை விட்டு இறங்குவாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதாமல் விட்டால் அவளுக்குக் கை நமைக்கும்.

"இந்த நாட்டுல ஜனாதிபதி ஆகணும்னா முப்பத்தஞ்சு வயசு ஆனா போதும். ஸ்கூல் பஸ் ஓட்டணும்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ கண்ணு, காது, ரத்த அழுத்தம் எல்லாம் பாத்து கையெழுத்து வாங்கணும்" என்பாள். அரசியலைப் பற்றி அவள் சொல்வது அவ்வளவுதான். மற்றதையெல்லாம் தம்பிக்கு விட்டுக்கொடுத்திருந்தாள்.

தம்பியைப் பற்றி அவளுக்குப் பெருமை உண்டு. அதை அவனிடம் காட்டிக்கொண்டதில்லை. காட்டினால் அதைப் பற்றியும் அரை மணி நேரம் பேசுவான். அவன் படித்ததெல்லாம் அவனுக்கு நினைவிருக்கும். அவன் சொல்வதில் பாதி சரியாகவே இருக்கும். எந்தப் பாதி என்று அவனுக்குத் தெரியாது என்பது மட்டும்தான் குறை.

முப்பத்தொன்பதாவது வயதில் டேலின் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேரே இருப்பது பளிச்சென்று தெரியும். பக்கத்தில் நிற்பது மானா, மரமா, மாமனாரா என்று தெரியாது. அரசியலில் அவன் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று வெர்னா சொல்வாள், அவன் அந்த இடத்தில் இல்லாதபோது. கார் ஓட்டும் உரிமம் போயிற்று. மிச்சிகனின் அந்த வட மூலையில் உரிமம் இல்லாதவன் கால் இல்லாதவன் மாதிரி. அவன் வேலை செய்யும் பெயிண்ட் கடை நெடுஞ்சாலையில் ஆறு மைல் தள்ளி இருக்கிறது. நவம்பரில் விழும் பனி ஏப்ரல் வரை இடுப்பளவு கிடக்கும். டேலுக்கு இருந்த ஒரே வழி ஒன்பதாம் எண் பேருந்து. காலை ஏழே காலுக்கு நூலகத்தின் முன்னால் ஏறுவான், மாலை ஐந்தரைக்குத் திரும்பி வருவான். தன் வாடகை அறைக்கு, தன் சாவியைப் போட்டு, தானே கதவைத் திறந்து போவான். பத்தொன்பது வருடமாக யாரிடமும் "என்னைக் கொண்டு விடு" என்று கேட்டதில்லை.

அறைக்குப் போனதும் கணினியைப் போட்டுவிடுவான். நகரம் கட்டும் விளையாட்டு ஒன்று. சாலை போட வேண்டும், தண்ணீர்க் குழாய் இழுக்க வேண்டும், வரி விதிக்க வேண்டும், மக்கள் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். டேல் நான்கு வருடம் உட்கார்ந்து ஓட்டர் ஃபால்ஸ் முழுவதையும் அதில் கட்டியிருந்தான். தேவாலயம், மருத்துவமனை, மூடிய சுரங்கம், மீன் பொரிக்கும் கடை எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கூடுதலாக ஆறு ரவுண்டானா. நிஜ ஊரில் ஒன்றுகூடக் கிடையாது. ஒன்று போடலாமா என்று ஒருமுறை பேச்சு எழுந்தபோது, போரை எதிர்த்துக்கூட ஒன்று சேராத ஊர் அதை எதிர்த்து ஒன்று சேர்ந்தது. வெர்னாவும் கையெழுத்துப் போட்டவள்தான்.

நான்கு வருடத்துக்கு முன், மணமுறிவுக்குப் பிறகு ஐந்து மாதம் டேல் அவள் வீட்டில் தங்கியிருந்தான். அந்த ஐந்து மாதம் வேறு யாருக்கும் வரக் கூடாது என்பாள் வெர்னா. காலி அறையில் ஆயிரம் துண்டு, இரண்டாயிரம் துண்டுப் புதிர்ப் படங்களை மேசையில் பரப்பி அடுக்குவது அவளுடைய ஒரே பொழுதுபோக்கு. அந்த மேசையை மடித்துச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் கணினியை வைத்துக்கொண்டு, தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சோளம் விளையும் நெப்ராஸ்காவில் இருக்கும் யாரோ ஒருவனிடம் கத்துவான்.

"இடது பக்கம் திரும்புறதுக்குத் தனி சிக்னல் வெச்சா நாடு உருப்படாதுடா! உங்க ஊரு சோளத்துக்கும் சேத்து ஓட்டுப் போடுறீங்கல்ல, அதான் புத்தி இப்படிப் போகுது!"

"யார்கிட்டடா கத்துற?" என்று வெர்னா கதவைத் திறந்து கேட்டாள்.

"நம்ம கெவின்க்கா. நல்ல பையன்."

"நல்ல பையனையே இப்படித் திட்டுறியே, ஆகாதவன் கிடைச்சா என்னடா செய்வ?"

"ஆகாதவங்கிட்ட யாருக்கா பேசுவா?"

ஒன்பதாம் எண் பேருந்துதான் அவனை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டு போனது. வேலை கிடைத்தது, அறை கிடைத்தது, புதிர் மேசை விரிந்தது. ஆகவே, ஜனவரி மாதம் பேருந்து நிறுத்தக் கம்பத்தில் மஞ்சள் காகிதம் ஒட்டப்பட்டபோது, இருவரில் யாருக்கு அதிகம் பயம் என்று சொல்ல முடியாது. போதிய பயணிகள் இல்லாததால் ஒன்பதாம் எண்ணை மார்ச் முதல் நிறுத்துவது பற்றி மாவட்டப் போக்குவரத்து வாரியம் முடிவெடுக்கும், பேச விரும்புகிறவர்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம் என்று அதில் இருந்தது.

டேல் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அக்கா, பாத்தியா?"

"பாத்தேன்."

"பஸ் நின்னா எனக்கு வேல போயிடும். வேல போனா ரூமும் போயிடும்." தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினான். "உன் வீட்டுல அந்தப் புதிர் மேச இன்னும் இருக்கா?"

"இருக்கு. மூவாயிரம் துண்டு போட்டிருக்கேன். கலங்கரை விளக்கம். வானமே ஆயிரத்து இருநூறு துண்டு. நகத்த முடியாது."

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டானாம். அன்று முழுவதும் வெர்னா எதை எடுத்தாலும் கீழே போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அறைக்கு வாரியத்தின் அறிக்கையைப் படிக்கப் போனாள். நாற்பத்தொரு பக்கம். பாலத்துக்குத் தெற்கே, மிச்சிகனின் தென்பாதியில் இருக்கும் ஏதோ நிறுவனத்தை வரவழைத்து எழுதியது. டேல் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு உரையைத் தயார் செய்ய ஆரம்பித்திருந்தான். உரை அதற்குள் பதினோரு பக்கம் ஆகியிருந்தது.

"மூணு நிமிஷம்தான்டா குடுப்பாங்க."

"வேகமாப் பேசுவேன்."

வெர்னா நாற்காலியை இழுத்துப் போட்டு அறிக்கையை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நடுவில் கண்ணைத் தூக்கியபோது, திரையில் அவன் கட்டிய ஊர் தெரிந்தது. குட்டிக் குட்டிக் கார்கள் ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டிருந்தன. மூன்றாம் எண், ஐந்தாம் எண் பேருந்துகள் போயின. அவள் இரண்டு நிமிடம் பார்த்தாள்.

"ஏன்டா, உன் ஊர்ல ஒன்பதாம் நம்பர் எங்க?"

டேல் திரையைத் தன் பக்கம் திருப்பினான்.

"நிறுத்திட்டேன்."

"என்னது?"

"ஆள் ஏறலக்கா. வரிய ஏத்தினா ஜனங்க ஊர விட்டுப் போறாங்க. ஒரு மேயரா இருந்து பாத்தாதான் அந்தக் கஷ்டம் தெரியும்."

"நீ வேலைக்குப் போற பஸ்ஸ, நீயே நிறுத்திட்ட."

"ஆட்டத்துல நான் வேலைக்குப் போறதில்லையே. மேயர்ல்ல?"

வெர்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். "டேல், வாரியத்துல போய் இந்த ஆட்டத்தப் பத்தி வாயத் தொறக்காத. இந்த ஒண்ணு மட்டும் கேளு. யார்கிட்டயாவது சொல்லிருக்கியா?"

"யார்கிட்டயும் இல்ல" என்றான் டேல். பிறகு, "ஸ்டூவர்ட் பெல்லோகிட்ட லேசாச் சொன்னேன். மான் வேட்ட சீசன்ல" என்றான்.

ஸ்டூவர்ட் பெல்லோ ஓய்வு பெற்ற பல் வைத்தியர். போக்குவரத்து வாரியத்தின் தலைவர். லேசாக.

முப்பத்தேழாம் பக்கத்தில்தான் அது இருந்தது. பயணிகள் எண்ணிக்கை அட்டவணை. அதற்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் ஒரு குறிப்பு. கணக்கெடுப்பு நடந்த நாட்கள்: நவம்பர் 15 முதல் 19 வரை. ஐந்து நாளில் மொத்தம் ஏறியவர்கள்: பத்தொன்பது.

வெர்னா அதை இரண்டு தடவை படித்தாள். கைப்பையிலிருந்து தன் நோட்டை எடுத்துப் புரட்டினாள். நவம்பர் 15, திங்கள்: "விடுமுறை. மான்." 16, செவ்வாய்: "24 டிகிரி. 6:52. பிள்ளைகள் 9." வழக்கமாக முப்பத்தொன்று ஏறும்.

அந்த வட்டாரத்தில் நவம்பர் பதினைந்து என்றால் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போக அனுமதி தொடங்கும் நாள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. கடைகள் பாதி திறக்காது. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆண்களையும், பாதிக்கு மேற்பட்ட பெண்களையும் காட்டுக்குள் வேட்டைக் குடில்களில்தான் தேட வேண்டும். மீதிப் பெண்கள் "மான் விதவைகள்" என்று பெயர் சூட்டிக்கொண்டு, தனிப் பேருந்து பிடித்து, கிரீன் பே நகரம் வரை போய்க் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். அந்த வாரம் ஓட்டர் ஃபால்ஸில் ஒருவன் சாக வேண்டுமென்றால்கூடத் தள்ளிப்போட்டுவிட்டு அடுத்த வாரம்தான் சாவான். அந்த வாரத்தில் ஒருவர் வந்து பேருந்தில் ஆள் எண்ணியிருக்கிறார்.

"டேல், இதப் பாரு. இத மட்டும் சொல்லு. போதும்."

டேல் கண்ணருகே வைத்துப் பார்த்தான். "அட ஆமா. ஆனா இது சில்லறை விஷயம்க்கா. தேதியப் போய்ப் பேசிக்கிட்டு? நான் கொள்கையப் பேசப் போறேன்."

"கொள்கையக் கடைசி ஒரு நிமிஷத்துல பேசு. மொதல்ல தேதி."

"சரி சரி."

வெர்னா ஒரு துண்டுச் சீட்டில் தெளிவாக எழுதினாள்: "முதலில் தேதி." அதை அவன் உரைக் காகிதத்தோடு ஊக்கு போட்டுக் குத்தினாள்.

புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு ஊர் மண்டபத்தில் கூட்டம். வாரியத்தார் ஏழு பேர் நீள மேசைக்குப் பின்னால். எதிரே மடக்கு நாற்காலிகளில் ஒரு நாற்பது பேர், பனி உருகிச் சொட்டும் காலணிகளோடு. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு: பச்சை என்றால் பேசு, மஞ்சள் என்றால் முடி, சிவப்பு என்றால் போ. பேசுகிறவர்கள் கூட்டம் தொடங்கும் முன்பே பெயர் எழுதிய அட்டையைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு கொடுத்தால் செல்லாது. வெர்னா டேலின் அட்டையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு இன்னொரு அட்டையை எடுத்துத் தன் பெயரை எழுதி, அதற்கடியில் செருகினாள். அவள் வாழ்நாளில் ஒலிவாங்கியில் பேசியது, "பின் சீட்டுல எழுந்து நிக்கிறது யாரு?" என்பது மட்டும்தான். ஆனால் டேலை அவன் பிறந்த நாளிலிருந்து தெரியும்.

டேலின் முறை வந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

"மதிப்புக்குரிய தலைவரே, வாரியத்தாரே. அமெரிக்காக்காரன் நிலாவுக்குப் போயிட்டு வந்தவன். ஆனா பக்கத்து ஊருக்கு ஒரு ரயில் விடத் துப்பில்ல. ஏன்?"

ஏன் என்று சொல்ல ஆரம்பித்தான். நன்றாகத்தான் பேசினான். வெர்னாவுக்கே இரண்டு இடத்தில் கை தட்டலாம் போல இருந்தது. ஜப்பானில் ரயில் அரை நிமிடம் தாமதமானால் மன்னிப்புக் கேட்பதைச் சொன்னான். செனட்டர்களின் வயதைக் கூட்டினால் எத்தனை நூற்றாண்டு வரும் என்று சொன்னான். அங்கிருந்து இடது பக்கத் திருப்பத்துக்கு வந்து, ரவுண்டானாவுக்குள் நுழைந்தான். நுழைந்தவன் வெளியே வரவில்லை. மண்டபத்தில் முனகல் எழுந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. நேரே மட்டும் பார்க்கிறவனுக்கு ஓரத்தில் இருக்கும் விளக்கு எங்கே தெரியப் போகிறது?

"நான் சும்மா வாய்க்கு வந்ததப் பேசல. நாலு வருஷமா நான் ஒரு ஊரையே நிர்வாகம் பண்றேன்" என்றான் டேல்.

வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஸ்டூவர்ட் பெல்லோ முன்னால் சாய்ந்தார். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் நோயாளியிடம் காட்டும் அதே அன்பு முகத்தில்.

"டேல், அந்த ஊர்ல ஒன்பதாம் நம்பர் பஸ் ஓடுதாப்பா?"

டேலிடம் எத்தனையோ குறை உண்டு. பொய் சொல்ல மட்டும் வராது. சொன்னால் காது சிவக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படி.

"இல்ல" என்றான். "ஆள் ஏறலன்னு நிறுத்திட்டேன்."

சிவப்பு விளக்கு எரிந்தது. மண்டபமே சிரித்தது. பின் வரிசையில் ஒன்பதாம் எண் ஓட்டுநர் கில் துபே தலையில் கை வைத்துக்கொண்டார். டேல் காகிதங்களை அடுக்கினான். ஊக்கு போட்ட சீட்டு மேலேயே இருந்தது. அதை அப்போதுதான் பார்த்தவன்போலப் பார்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். சீட்டைக் கழற்றி நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டான். வெர்னா அவனைத் திட்டுவதற்காகத் திரும்பினாள். அந்தக் கையைப் பார்த்ததும் தன் நோட்டை எடுத்து நவம்பர் பக்கத்தைப் புரட்டினாள்.

"அடுத்து," என்று அட்டையைத் தூக்கிப் பிடித்தார் ஸ்டூவர்ட், "வெர்னா ஹெய்க்கிலா? வெர்னா, நீயா? ஆச்சரியமா இருக்கே. தம்பி விட்டத நீ முடிக்கப் போறியா?"

"இல்ல ஸ்டூவர்ட், நீங்க விட்டத" என்றாள் வெர்னா.

ஒலிவாங்கியின் உயரத்தைச் சரி செய்தாள். நோட்டைத் திறந்து வைத்தாள். 

"எனக்கு அரசியல் தெரியாது. ஒரே ஒரு கேள்வி. நவம்பர் பதினஞ்சாம் தேதி காலைல ஏழே காலுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

ஸ்டூவர்ட் முகம் மலர்ந்தார். அவரால் அதைத் தடுத்துக்கொள்ள முடியவில்லை. "அன்னைக்கா? மரத்து மேல, பரண்ல. எட்டுக் கிளைக் கொம்பு மான்! பேப்பர்ல போட்டோ வந்துச்சே, பாக்கலையா நீ?"

"பாத்தேன். நல்லா இருந்துச்சு. ஹார்வி, நீங்க?"

"நானும் குடில்லதான்."

"ஜாய்ஸ்?"

வாரியத்தின் ஒரே பெண் உறுப்பினரான ஜாய்ஸ், "கிரீன் பே போயிருந்தேன். பூட்ஸ் வாங்கினேன், பாதி விலைக்கு" என்றாள். சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு ஏதோ தட்டுப்பட்டது. கேள்வி அடுத்தவரிடம் போவதற்குள் அறிக்கையைப் புரட்டத் தொடங்கிவிட்டாள்.

மீதி நான்கு பேரும் காட்டில். "கில், நீங்க?" என்று வெர்னா திரும்பிக் கேட்டாள்.

"லீவு போட்டேன்" என்றார் பேருந்து ஓட்டுநர் கில், நாற்காலியில் குறுகிக்கொண்டே. "மாத்து டிரைவர் ஓட்டுனாரு."

"முப்பத்தேழாம் பக்கம், அட்டவணைக்குக் கீழ, சின்ன எழுத்து. ஒன்பதாம் நம்பர்ல ஆள எண்ணுனது நவம்பர் பதினஞ்சுலேருந்து பத்தொன்பது வரைக்கும். பஸ் டிரைவரே பஸ்ல இல்லாத வாரம். அன்னைக்கு அமெரிக்க ஜனாதிபதியே இந்த ஊருக்கு வந்திருந்தாலும் பத்தொன்பது பேர்தான் கூடியிருப்பாங்க. அதுலயும் நாலு பேரு வழி தவறி வந்தவங்க."

பின் வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அது முன் வரிசைக்கு வந்து, மேசையைத் தாண்டி, ஜாய்ஸிடம் போய்ச் சேர்ந்தது.

ஸ்டூவர்ட் பக்கத்தைத் தேடிப் பிடித்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். "இந்த வாரம் எப்படி வந்துச்சு?"

"நாமதான் வரச் சொன்னோம்" என்றாள் ஜாய்ஸ். "ஆபீஸ் காலியா இருக்கும், வர்றவங்களுக்கு உக்கார இடம் இருக்கும்னு நீங்கதான் சொன்னீங்க, ஸ்டூவர்ட்."

தெற்கேயிருந்து வந்தவர்களுக்கு நவம்பர் பதினைந்தும் ஒன்றுதான், ஜூலை பதினைந்தும் ஒன்றுதான். ஊர்க்காரர்களுக்கு எது எதுவென்று தெரியும். தெரிந்தவர்கள் எல்லாரும் மரத்து மேல் இருந்தார்கள்.

ஸ்டூவர்ட் எளிதில் விடுகிறவர் அல்ல. "அது இருக்கட்டும் வெர்னா. பஸ்ஸு அவ்வளவு முக்கியம்னு சொல்ற உன் தம்பி அந்த வாரம் ஏறினானா? அவன் எங்க இருந்தான்?"

"உங்க குடில்ல. அஞ்சு நாளும் உங்களுக்குச் சமைச்சுப் போட்டுக்கிட்டு இருந்தான். வறுத்த உருளைக்கிழங்கு ரெண்டாவது தடவ கேட்டீங்களாமே."

இந்த முறை சிரிப்பு அடங்குவதற்குள் மஞ்சள் விளக்கு எரிந்துவிட்டது.

"நீங்க எங்கம்மா இருந்தீங்க?" என்று ஹார்வி கேட்டார், கொஞ்சம் சமாதானமாக.

"வீட்டுல. கதவச் சாத்திட்டு. வருஷத்துல என் தம்பி இந்த ஊர்ல இல்லாத ஒரே வாரம் அது. பஸ்ஸ நிறுத்தினா மத்த அம்பத்தோரு வாரமும் அவன் என் வீட்டுலதான். மறுபடியும் எண்ணுங்க. நான் கேக்குறது அவ்வளவுதான்." நோட்டை மூடினாள். சிவப்பு எரிவதற்கு இன்னும் பதினோரு நொடி பாக்கி இருந்தது. அதை அவள் வாரியத்துக்கே விட்டுக்கொடுத்தாள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடி எண்ணுவது என்று தீர்மானம் ஆயிற்று. ஏழு பேரும் கையைத் தூக்கினார்கள்.

காரில் திரும்பும்போது டேல் ஒரு மைல் வரை பேசவில்லை. அவன் பேசாமல் வந்தது வெர்னாவுக்குப் பயமாக இருந்தது.

"அக்கா," என்றான் பிறகு, "ஒண்ணு கவனிச்சியா? நான் மொதல்ல பேசி ஜனங்கள ஒரு பதத்துக்குக் கொண்டு வந்து வெச்சதாலதான் நீ சொன்னது எடுபட்டுச்சு."

வெர்னாவுக்கு உயிர் வந்தது. "ஆமாடா" என்றாள்.

பிப்ரவரி வந்தது. டேல் தன் திட்டத்தைச் சொன்னான்: கடையில் ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஒன்பதாம் எண்ணிலேயே காலையிலிருந்து மாலை வரை ஏறி இறங்கிக்கொண்டிருப்பான். தினம் இருபது தடவை.

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவ. போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு."

"எல்லாக் கட்சிக்காரனும் இதத்தானேக்கா செய்றான்?"

"அவனுங்களுக்கு அக்கா இல்ல. உனக்கு இருக்கேன்."

அவளும் ஏறவில்லை. ஏறலாமே, ஒரு ஆள் கூடுமே என்று கில் கேட்டார். கார் வைத்திருக்கிறவள் கணக்குக்காக ஏறுவது சரியில்லை என்றாள். அந்தச் செவ்வாய்க்கிழமை பதினாறு அங்குலம் பனி கொட்டியது. எண்ண வந்தவர் தெற்கத்தி மெல்லிய கோட்டில் நடுங்கிக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். டேல் அவருக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, கடை வருகிற வரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரலாற்றைச் சொன்னான். மறுநாள் அவர் பின் இருக்கைக்குப் போய்விட்டதாகக் கில் சொன்னார்.

ஐந்து நாளில் இருநூற்று எண்பத்து மூன்று. மருத்துவமனையில் துப்புரவு செய்கிற பெண்கள், உரிமம் பறிபோன குடிகாரர்கள், கண் மங்கிய கிழவர்கள், கார் பழுதான மாணவர்கள். வாரியம் ஒன்பதாம் எண்ணை நிறுத்தவில்லை. சும்மாவும் விடவில்லை; சனிக்கிழமை வண்டியை வெட்டிவிட்டது. தலைவர் என்று ஒருவர் இருந்தால் எதையாவது வெட்டத்தானே வேண்டும்.

மார்ச் மாதம் ஒரு நாள் காலை வெர்னாவின் கார் கிளம்பவில்லை. புதிர் அறைக்கு பெயிண்ட் வாங்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவள், வாழ்நாளில் முதல் முறையாக ஒன்பதாம் எண்ணில் ஏறினாள். டேல் முன் இருக்கையில் நகர்ந்து இடம் கொடுத்தான்.

"வாக்கா, வா. கில், இது எங்க அக்கா. வாரியத்துல நான் பேசினப்போ கூட வந்து ரெண்டு வார்த்த பேசுனாங்க."

"எனக்குத் தெரியும்" என்றார் கில் கண்ணாடியில் பார்த்தபடி. "நான் அங்கதான இருந்தேன், டேல்."

"ஆட்டத்துலயும் ஒன்பதாம் நம்பர மறுபடி விட்டுட்டேன்க்கா. வரிய ஏத்திட்டேன். நாலாயிரம் பேர் ஊர விட்டுப் போயிட்டாங்க, போகட்டும். அப்புறம் ஏழாவதா ஒரு ரவுண்டானா கட்டினேன். உன் பேரு வெச்சிருக்கேன்."

"எனக்கு ரவுண்டானாவே புடிக்காதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். அதான் பெருசாக் கட்டினேன்."

வெர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பதை அவன் பார்த்துவிடக் கூடாது. ஆனால் பக்கத்தில் இருப்பதுதான் அவனுக்குத் தெரியாதே என்பது பிறகு நினைவுக்கு வந்தது. கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். 19 டிகிரி. 7:16, ஒரு நிமிடம் தாமதம். திரும்பிப் பார்த்து எண்ணினாள். பதினேழு பேர். தன்னையும் சேர்த்துப் பதினெட்டு என்று எழுதினாள்.

டேல் செனட்டை ஆரம்பித்தான். மருத்துவமனை நிறுத்தம் வந்தபோது மேல்சபையைக் கலைத்துவிட்டிருந்தான். உச்ச நீதிமன்றம் பாக்கி இருந்தது. கில் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். டேலும் கூட்டினான்.

பெயிண்ட் கடைக்கு இன்னும் ஒரு நிறுத்தம் இருந்தது. வெர்னா மணியை அடித்து, முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டாள். முழங்கால் வரை பனி. அரை மைல் நடக்க வேண்டும். அவள் அவசரமில்லாமல் நடந்தாள்.